சி-7க்குத் தெரிவிக்கப்பட்டது

ஜூன் 10

கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம் மறுபடியும் பிய்ந்துவிட்டது. புதிது கேட்டுக் கடிதம் எழுதி மூன்று மாதம் ஆகிறது. கண்ணாடிச் சாமான்களைப் பக்கத்துத் துறைக்குச் சுமந்துபோய் வேகவைத்துக்கொண்டு வருகிறேன்.

இன்று முதல் ரத்தம் எடுத்தோம். பூச்சிமருந்து அடிக்கும் விவசாயக் கூலிகள் நாற்பது பேர். ஒப்பிட்டுப் பார்க்க, ஆரோக்கியமானவர்கள் பன்னிரண்டு பேர். மாதம் ஒருமுறை, நவம்பர் வரை ஆறு முறை. கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தை அளக்கிறார்கள். திட்டம் பேராசிரியர் ஜெயசீலனுடையது. அளப்பவள் ஷர்மிளா பானு, நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி, அறந்தாங்கிக்காரி. எந்தக் குழாய் யாருடையது என்று அவளுக்கும் தெரியக் கூடாது, ஜெயசீலனுக்கும் தெரியக் கூடாது. அதனால் கூலிகளுக்கு எஃப், ஆரோக்கியமானவர்களுக்கு சி என்று எண் போட்டிருக்கிறோம். எந்த எண் எந்தப் பெயர் என்ற பதிவேடு என் அலமாரியில் இருக்கிறது. இந்த உயிர்வேதியியல் துறையில் தொழில்நுட்ப உதவியாளனாக இருபத்திரண்டு வருடம் இருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அந்தச் சாவிதான்.

ஆரோக்கியமானவர்களில் பதினொரு பேர்தான் நிலைத்தார்கள். நூலகத்திலிருந்து வந்தவர் ஊசியைக் கண்டதும் அவசர வேலை என்று எழுந்து போய்விட்டார். ஓர் ஆள் குறைந்தால் ஜெயசீலன் என்னைத்தான் கேட்பார். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், "ஏன் சார், நீங்களே கையை நீட்டுங்களேன், யாரு பாக்கப் போறா?" என்றார்.

பதிவேட்டைக் காப்பவன் அதில் இருக்கக் கூடாது. தெரியும். இருந்தாலும் நீட்டினேன். என் பெயர் இதுவரை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வந்ததில்லை. நன்றியுரையில்கூட 'தொழில்நுட்ப உதவியாளர்கள்' என்று பன்மையில்தான் வருவேன். ரத்தமாவது உள்ளே போகட்டும்.

எண் சி-7. இனி இந்த நோட்டிலும் அவரை சி-7 என்றே எழுதுவேன். குறியீட்டைக் காப்பவனே அதை மீறினால் நன்றாக இருக்காது.

ஜூன் 18

பானு முதல் தட்டை ஓட்டினாள். தொண்ணூற்றாறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. புரதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆழமாக நீலம் ஏறும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். பத்துக்குள் இருந்தால் நலம் என்று கணக்கு.

சி-7: எட்டு.

இன்னொரு மாணவன் கவியரசன் என்னை "அண்ணா, ஐஸ் போட்டு வைங்க" என்றான். ஜெயசீலனுக்கு 'சார்', நேற்று வந்த தற்காலிக விரிவுரையாளருக்கும் 'சார்', எம்.ஃபில். முடித்த எனக்கு 'அண்ணா'. ஐஸ் போட்டு வைத்தேன்.

ஜூலை 9

நேற்று இரண்டாம் முறை. சி-7இன் குழாயை மையவிலக்கியில் சுற்றும்போது எதிர்ப்பக்கத்தில் அதே எடையில் தண்ணீர்க் குழாய் ஒன்று வைத்தேன். இல்லாவிட்டால் எந்திரம் உதறும். வைத்த பிறகும் கொஞ்சம் உதறியது.

ஜூலை 16

சி-7: பத்தொன்பது.

"பிப்பெட் தப்பா இருக்கும்," என்றாள் பானு. மறுபடி ஓட்டினாள். பத்தொன்பது. மூன்றாம் முறை, இருபது.

ஜெயசீலன் வந்து காகிதத்தைப் பார்த்தார். "பானு, நாலாவது வருஷத்துலயும் கை நடுங்குதா? குழியைக் கழுவுனியா, இல்ல சும்மா தண்ணியக் காட்டுனியா?"

"மூணு தடவை கழுவினேன் சார்."

"அப்ப நாலு தடவை கழுவு."

அவர் போனதும் கவியரசன் சொன்னான்: "விடு பானு. சி-7 சரியான தண்ணிவண்டி போல. ஞாயித்துக்கிழமை ஏத்திக்கிட்டு செவ்வாக்கிழமை வந்து கையை நீட்டியிருக்கு."

சி-7 வாழ்நாளில் மது தொட்டவரில்லை. இதை நான் அவனிடம் சொல்ல முடியாது. குழாய்களைக் கழுவும் தொட்டி அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஜெயசீலனைப் பற்றி எழுதிவிடுகிறேன். 2003இல் நானும் அவனும் ஒரே வழிகாட்டியிடம் பிஎச்.டி. செய்தோம். விடுதியில் ஒரே அறை, வாடா போடாதான். அந்த வருடப் பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் மின்சாரம் போனது. ஆய்வகப் பொறுப்பு அவனுக்கு. திரும்பி வந்தபோது குளிர்பெட்டியில் என் மூன்று வருட நொதிகள் அறைச் சூட்டில் தண்ணீராகக் கிடந்தன. அவனுடைய பெட்டி மட்டும் கீழ்மாடிக் குளிர்பெட்டிக்கு இடம் மாறியிருந்தது. "ஒண்ணுக்குத்தான் அங்க இடம் இருந்துச்சுடா," என்றான்.

அவன் முனைவர் ஆனான். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். வாங்கிக் கொடுத்ததை இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறான்.

ஆகஸ்ட் 13

சி-7க்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. எனக்குப் பசித்தது. டப்பாவை மூடி வைத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 20

சி-7: நாற்பத்தேழு.

இன்று நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மற்ற குழிகள் நிறம் மாறப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சி-7இன் மூன்று குழிகளும் மூன்றாவது நிமிடத்திலேயே நீலமாயின. வகுப்பில் பெயர் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து நிற்கும் பையனைப் போல.

பானு கையுறையைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இது பிப்பெட் இல்ல. ஆளுதான். அவருக்கு உடம்பு சரியில்ல. நெறிமுறைக் குழு விதியில இருக்கு பாருங்க, பதினோராவது விதி. இந்த மாதிரி வந்தா பதிவேட்டைக் காப்பவர் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கணும். நீங்க மட்டும்தான் சொல்ல முடியும்."

அந்த விதியைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

"சொல்லிடறேன்," என்றேன்.

"இன்னைக்கே?"

"இன்னைக்கே."

அலமாரியைத் திறந்து பதிவேட்டில் சி-7க்கு எதிரே எழுதினேன்: தெரிவிக்கப்பட்டது. தேதி, கையெழுத்து. ஒரு எழுத்தும் பொய்யில்லை.

ஆகஸ்ட் 21

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மற்ற பதினொரு பேரும் நான்குக்கும் ஏழுக்கும் நடுவே இருக்கிறார்கள். கூலிகளின் சராசரி இருபது. சி-7 இதே வேகத்தில் ஏறினால் அக்டோபருக்குள் ஆரோக்கியமானவர்களின் சராசரி கூலிகளின் சராசரியைத் தாண்டிவிடும். பூச்சிமருந்து உடம்புக்கு நல்லது என்று கட்டுரை எழுத வேண்டியதுதான். சி-7ஐ நீக்கவும் முடியாது. நீக்கக் காரணம் வேண்டும், காரணத்துக்குப் பதிவேட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் ஆய்வே செல்லாது. ஐந்து வருட நிதி, வெளிநாட்டுக் கருத்தரங்கு எல்லாம் ஒரே ஆளின் ரத்தத்தில்.

ஆனால் சி-7 வைத்தியம் பார்த்தால் அளவு இறங்கிவிடும்.

நவம்பர் 11 ஆறாவது முறை. அதற்குப் பிறகு அவர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

ஆகஸ்ட் 25

"என்ன சொன்னாருண்ணா?" என்று பானு கேட்டாள். எழுநூறு மில்லி பஃபர் கரைசல் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

"யாரு?"

"சி-7."

"கேட்டுக்கிட்டாரு."

"அவ்வளவுதானா? பயந்தாரா? வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"மனைவி இருக்காங்க. டீச்சர்." இதைச் சொல்லியிருக்கக் கூடாது. உடனே சேர்த்தேன்: "வேலூர்ல பாக்கப்போறேன்னாரு."

அவள் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பஃபரின் அமிலத்தன்மை தவறிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி செய்தேன்.

செப்டம்பர் 9

நான்காம் முறை. நர்ஸ் நரம்பு தேடினார். "இளைச்சுட்டீங்களே சார்." சி-7 சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோமதி இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்: "என்னங்க, பேன்ட்டு இடுப்புல நிக்கலியே."

"லாண்டரிக்காரன் துவைச்சுத் தளர்த்திட்டான்."

"பேன்ட்டைத் துவைச்சானா, இடுப்பைத் துவைச்சானா?"

பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டேன். மூன்றாவது. வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் இருக்கிறது, நாற்காலி சரியில்லை.

செப்டம்பர் 17

சி-7: நூற்றுப் பதினெட்டு.

பானு தட்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். "வேலூர்ல பாத்தும் ஏறுதே?" என்றாள். "நீங்க மறுபடி அவரப் பாத்தீங்களா?"

"தினமும் பாக்கறேன்," என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

செப்டம்பர் 19

பானு என்னிடம் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தாள். "படிக்காம குடுத்துடுங்கண்ணா, அவருக்கு."

வீட்டில், கோமதி கோயிலுக்குப் போயிருந்தபோது பிரித்தேன். அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"சி-7 அவர்களுக்கு. நான் உங்களைப் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை உங்களிடமிருந்து சில சொட்டுகள் மட்டும் என்னிடம் வருகின்றன. மற்றவர்களுக்கு முன்பே உங்கள் குழிகள் நிறம் மாறும்போது கையுறைக்குள் என் விரல் குளிர்ந்துபோகிறது. உங்களுக்கு என்ன வயது, என்ன வேலை என்று தெரியாது. ஆனாலும் தொழுகையில் உங்களை இந்த எண்ணைச் சொல்லித்தான் நினைக்கிறேன். தயவுசெய்து நல்ல மருத்துவரிடம் ஸ்கேன் எடுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் அந்தப் பகுதியை அறுத்து எடுத்துவிடலாம், கல்லீரல் மறுபடி வளரும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, பாடத்தில் இருப்பது. உங்கள் குழாயைக் கையாளும் மாணவி."

நான்கு முறை படித்தேன்.

2011இல் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்தேன். துறையிலிருந்து ஒரே ஒரு போன் வந்தது. குளிர்பெட்டிச் சாவி எங்கே என்று.

செப்டம்பர் 22

சி-7 பதில் எழுதினார். இடது கையால், கோணல் எழுத்தில். "நலம். மருந்து சாப்பிடுகிறேன். கவலை வேண்டாம்." கொடுத்தபோது பானு அங்கேயே பிரித்துப் படித்தாள். பிறகு மடித்து, தன் ஆய்வுக் குறிப்பேட்டின் பின் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் குறிப்பேட்டை அவள் யாரையும் தொட விடமாட்டாள்.

செப்டம்பர் 24

காலையில் பானு என்னிடம் எரிந்து விழுந்தாள். "அண்ணா, நேத்தே கேட்டேன் சுத்தத் தண்ணி! கேனு காலியா இருக்கு. ஒரு வேலையும் நேரத்துக்கு நடக்காதா?" கேனைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். நடுப்படியில் உட்கார வேண்டியிருந்தது.

மாலையில் ஒரு பையைக் கொடுத்தாள். மாதுளம்பழம் நான்கு. சி-7க்கு.

அவர் என்ன செய்துவிட்டார்? மாதம் ஒருமுறை கையை நீட்டுகிறார். அவ்வளவுதான். தண்ணீர் தூக்குவதில்லை, கடிதம் எழுதி அலைவதில்லை, யாருடைய பழைய துரோகத்தையும் சுமப்பதில்லை. அவருக்கு மாதுளம்பழம்.

பையைப் பேருந்து நிறுத்தத்து இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சி-7 என்னை ரொம்ப நேரம் தூங்கவிடவில்லை.

அக்டோபர் 3

சி-7 மறுபடி எழுதியிருக்கிறார், அரைப்பக்கம். நான் சொல்லாததை எல்லாம். தனக்கு நாற்பத்தெட்டு வயது என்று. ஒருகாலத்தில் தானும் ஆராய்ச்சி செய்ததாக. நீல நிறம் ஏறுவதைத் தானும் பார்த்திருப்பதாக. மாதுளம்பழம் இனித்தது என்று.

கிழித்துப் போட வேண்டும் என்றுதான் கையில் எடுத்தேன். காலையில் பானுவின் மேசைமேல் இருந்தது. நான் வைத்த ஞாபகம் இல்லை.

அக்டோபர் 8

இப்போது நான் உள்ளே நுழைந்தால் மாணவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். கவியரசன் நைட்ரஜன் கேனைத் தானாக வந்து தூக்கிக்கொண்டான். "நான் பாத்துக்கறேன்ணா, நீங்க உக்காருங்க." என் மேசைக்கு முதுகு வைத்த நல்ல நாற்காலி வந்திருக்கிறது. யார் வைத்தது என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள். ஜெயசீலன் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறான். என்னைக் குளிரவைத்துப் பதிவேட்டை வாங்கப் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 14

ஐந்தாம் முறை. பானு கதவருகே நின்றிருந்தாள். ரத்தம் எடுக்கும் நாளில் அவள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று விதி. சொன்னேன். "வரலண்ணா, ஐஸ் எடுக்க வந்தேன்," என்றாள். பிறகு, "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்களேன்," என்றாள்.

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. கண்ணுல தூசு இருக்கிற மாதிரி இருந்துச்சு."

தூசு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐஸ் எடுக்க மறந்துவிட்டாள்.

அக்டோபர் 22

சி-7: இருநூற்றுத் தொண்ணூறு.

தட்டில் திரவம் விட்டு முடிப்பதற்குள்ளேயே நீலம். கவியரசன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவன் வேடிக்கை பேசி ஒரு மாதம் இருக்கும்.

ஆரோக்கியமானவர்களின் சராசரி இருபத்தொன்பது. கூலிகள் இருபத்தொன்று. முடிந்தது.

அக்டோபர் 24

ஜெயசீலன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது முதல் முறை.

"தணிகா, அந்த சி-7..."

"சொல்லுங்க சார்."

"அவரை எடுத்துடலாமா? விருப்பமில்லாம விலகிட்டாருன்னு ஒரு வரி எழுதிக் குடுப்பா. முதல் மாசமே விலகினதா."

"அவர் விலகலியே சார்."

"நீ சொன்னா விலகுவாரு."

"எழுத்துல குடுங்க சார், அவர்கிட்ட காட்டறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழுக்கை வியர்த்திருந்தது. விடுதி அறையில் தேர்வுக்கு முந்தின நாள் இப்படித்தான் வியர்ப்பான்.

"நீ இன்னும் அந்தக் குளிர்பெட்டியை மறக்கல," என்றான்.

"எந்தக் குளிர்பெட்டி சார்?"

வெகுநேரம் என்னையே பார்த்தான். "உனக்கு முகம் ஏன்டா இப்படி இருக்கு?" என்றான். டா போட்டு இருபது வருடம் இருக்கும். "நீ டாக்டரப் பாத்தியா?"

"எனக்கு என்ன சார்? நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஜெயித்துவிட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் பாதி தூரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

அக்டோபர் 29

குளிர்பெட்டியில் சி-7இன் ஐந்து மாதக் குழாய்களையும் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். முதல் மாதத்துக் குழாய் வைக்கோல் நிறம். ஐந்தாவது, கடுகெண்ணெய். மைனஸ் எண்பதில் எதுவும் மாறாது. ஜூன் மாதத்துச் சி-7 அங்கே அப்படியே இருக்கிறார், ஒன்றும் தெரியாமல். கதவை அதிக நேரம் திறந்து வைத்ததால் அபாய மணி அடித்தது. கவியரசன் ஓடிவந்து கதவை மூடி, என் கையில் ஒட்டியிருந்த பனியைத் தன் சட்டையால் துடைத்துவிட்டான்.

நவம்பர் 3

பானு சி-7க்கு எழுதியது:

"எங்கள் பெரியத்தா மகன் கல்லீரல் மருத்துவர். அவரிடம் பேசிவிட்டேன். வியாழன் காலை பத்து மணி. பெயர் சொல்ல வேண்டாம், டோக்கனில் உங்கள் எண்ணையே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேனும் அன்றே. உங்கள் ஐந்து மாத அளவுகளையும் எழுதிக் கொண்டுவருகிறேன். இதனால் ஆய்வு கெடும் என்றால் கெடட்டும். என் பிஎச்.டி. இன்னொரு வருடம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே. நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்."

வியாழன், ஆறாம் தேதி. கடைசி ரத்தத்துக்கு ஐந்து நாள் முன்பு. ஸ்கேன், மருத்துவமனையில் சேர்ப்பது, ஊசி, மருந்து எல்லாம் அன்றே தொடங்கிவிடும். ஆறாவது குழாய் இருக்காது. ஆறாவது இல்லாவிட்டால் சி-7 முழுமையான ஆள் இல்லை. முழுமையில்லாதவரை விதிப்படியே நீக்கிவிடலாம். ஜெயசீலன் ஒரு வரிகூட எழுதித் தர வேண்டியதில்லை.

நவம்பர் 4

இடது கையால் எழுதினேன்: "பதினொன்றாம் தேதிக்குப் பிறகு வருகிறேன்." பானு படித்துவிட்டு மடிக்காமல் என்னிடமே நீட்டினாள்.

"பதினொண்ணாந்தேதில என்னண்ணா இருக்கு அவருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஆறாவது தடவை ரத்தம் குடுக்கணும்னு நினைக்கிறாரா? யாருக்காகக் குடுக்கறாரு? எங்களுக்கா?" பதில் சொல்ல எனக்கு அவகாசம் தரவில்லை. "சரி. அவர் வராட்டாப் பரவால்ல. நீங்க வாங்க. அவருக்காக வந்து உக்காருங்க. ஒருவேளை மனசு மாறி வந்துட்டாருன்னா எனக்கு அடையாளம் தெரியாது பாருங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

நியாயமான வாதம். பதிவேட்டைக் காப்பவன் இருக்க வேண்டிய இடம்தான்.

நவம்பர் 5

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதி, ஒற்றைக்கோட்டில் அடித்துவிட்டு 'அலுவல்' என்று மாற்றினேன்.

நவம்பர் 6, வியாழன்

இதை மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்பதே முக்காலுக்கு வந்தேன். பானு ஏற்கெனவே இருந்தாள், மடியில் ஒரு கோப்பு, கையில் ஃபிளாஸ்க். எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். கல்லீரல் பிரிவு இரண்டாம் மாடியில் இருக்கிறது. வரிசையாக எஃகு நாற்காலிகள், பத்துப் பதினைந்து பேர். எல்லோருடைய முகத்திலும் ஒரே மாதிரி மங்கல். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தோம்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வருவாருண்ணா?"

"பஸ்ல வருவாரு."

"கோபக்காரரா?"

யோசித்தேன். "ஆமா. ஆனா வெளிய காட்டிக்கமாட்டாரு."

"யார் மேல?"

"ஒரு ஆள் மேல. பழசு."

"அந்த ஆளுக்கு அது தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"அப்பறம் என்ன," என்றாள் பானு. "தெரிஞ்சுடுச்சுல்ல. அதுக்கு மேல அவருக்கு என்ன செய்யணும்?"

எதிர்ச் சுவரில் கண்ணாடிக் கதவு. அதில் எங்கள் வரிசை தெரிந்தது. பானுவுக்குப் பக்கத்தில் சட்டைக்குள் எலும்பாக ஒருவர் உட்கார்ந்திருந்தார், பெல்ட்டின் வால் நீளமாகத் தொங்க. கண்கள் நன்றாக மஞ்சளாகியிருந்தன. அமிலம் விட்ட குழிகளின் மஞ்சள். அவரை அவ்வளவு முழுசாக நான் பார்த்ததில்லை.

பத்து இருபதுக்கு உதவியாளப் பெண் வந்து டோக்கன் படித்தாள். "சி-7? சி-7 யாருங்க?"

யாரும் எழவில்லை. பானு வாசலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சி-7?"

"வரமாட்டாரு பானு," என்றேன். "நான் சொன்னேன்ல. பதினொண்ணாந்தேதி ஆகட்டும். அஞ்சு நாள்தானே. அவர் அவ்வளவு மாசம் காத்திருந்தாரு, அஞ்சு நாள்ல ஒண்ணும்..."

மூன்றாம் முறை கூப்பிட்டார்கள்.

பானு அப்போதுதான் திரும்பினாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் தட்டுக் கழுவும்போது பேசும் குரலாகவே இருந்தது.

"அவர் வந்துட்டாருண்ணா. பத்து மணிக்கு முன்னாடியே வந்துட்டாரு. நீங்க கொஞ்சம் நகர்ந்து வழி விட்டாப் போதும்."

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உதவியாளப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பதினொன்றாம் தேதியை நினைத்தேன். ஆறாவது குழாயை, ஜெயசீலனின் வியர்த்த வழுக்கையை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்து நான் திறந்த குளிர்பெட்டியை. அதன் கதவைத் திறந்தபடி இருபத்திரண்டு வருடமாக நான் நின்றுகொண்டிருக்கிறேன். என் கால்களுக்கு அது பழகிவிட்டது.

நகர்ந்தேன்.

என் நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தார். முழங்காலில் கை ஊன்றி, மெதுவாக. பானு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

நான் வெளியே இருக்கிறேன். அவருடைய பை என் மடியில். நாற்காலி இன்னும் சூடாக இருக்கிறது. கதவு மெல்லியது, உள்ளே பேசுவது கேட்கிறது.

எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்கிறார். ஜூலையிலிருந்து என்று சொல்கிறார். நான் அறிந்தவரை செப்டம்பர்தான். முன்பு காமாலை வந்திருக்கிறதா என்கிறார். 2011, ஒரு மாதம். மது? இல்லை. வயது? நாற்பத்தெட்டு. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கிறார். அதற்கு அவர் ஏதோ சொல்கிறார், தணிந்த குரலில். கதவில் காதை வைத்தும் எனக்குப் பிடிபடவில்லை. பானு மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்கிறது.

காகிதம் புரளுகிறது. கோப்பில் எண்ணை மட்டும் எழுதி வைக்க முடியாது, ஸ்கேனுக்குப் பெயர் வேண்டும் என்கிறார் டாக்டர்.

பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்கிறது.

பிறகு அவர் என் பெயரைச் சொல்கிறார்.